மைனஸ் ஒரு ஜோடி

பிறந்த இரட்டையர்களில் எத்தனை ஜோடி உருவொத்தவர்கள் என்று கணக்கெடுக்க, எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. உருவொவ்வாத ஜோடிகளில் பாதி ஆண்-பெண்ணாக இருக்கும் என்பது கணக்கு; அதனால் ஆண்-பெண் ஜோடிகளை இருமடங்காக்கி மொத்தத்திலிருந்து கழிப்போம், மிஞ்சுவதுதான் விடை. இந்த வருடம் மைனஸ் ஒன்று வந்தது.

"பூஜ்யம்னு போட்டுடலாம்டி," என்றாள் எதிர் மேசையிலிருந்த அக்கா. என்னைவிடச் சில நிமிடமே மூத்தவள், அச்சு அசல் என் முகம்.

மேலதிகாரி கேட்கவில்லை. வந்தபடியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் எதிர் மேசையைக் காணோம். "அக்காவா? நீ ஒத்தப் பொண்ணாச்சேம்மா," என்றார் மேலதிகாரி.

ஸ்டோர் ரூமிலிருந்து மேசையைத் தரதரவென்று இழுத்து வந்து போட்டேன். அதன்மேல் ஒரு டீ வைத்தேன்.

"யாருக்கும்மா இது?"

"அக்காவுக்கு சார். யாராவது இந்த மேசையில கை வச்சுப் பாருங்க, தெரியும் சேதி."

யாரும் கிட்டே வரவில்லை. டம்ளரில் டீ மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தது.