இரும்புத் தலையில் ஒரு பெயர்

தேன்மொழி சம்மட்டியை ஓங்கி அடித்தாள். சோதனைக்கு வைத்த இரும்புத் தலையில் மாட்டியிருந்த ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து தெறித்தது.

"இந்த லாட் முழுசும் ரிஜெக்ட்!" என்று கத்திவிட்டு, அடுத்த தொகுதியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினாள்.

தம்போய் ஊரில் இருந்த அந்த ஹெல்மெட் தொழிற்சாலையில் அவளைப் போல் அடிக்க ஆளில்லை. மூன்று மாதத்துக்கு முன்புவரை தூங்கி வழிந்துகொண்டே தட்டியவள்தான். மேனேஜர் வயிரவன் சொன்ன யோசனை அவளை மாற்றிவிட்டது.

"செய்யிற வேலைக்கு ஒரு அர்த்தம் வேணும் லா. இந்தத் தலை நம்ம வீட்டு ஆளோடதுன்னு நெனச்சு அடிங்க. பேரையும் எழுதி ஒட்டுங்க. அப்பத்தான் மட்டமான சரக்கு வெளிய போவாது."

தேன்மொழி யோசிக்கவே இல்லை. 'குணாளன்' என்று கணவன் பெயரை எழுதி ஒட்டினாள்.

"வீட்டுக்காரர் மேல அவ்ளோ பாசமாக்கா?" என்று கேலி செய்தாள் பக்கத்து மேசை விசாலி. பதிலுக்குச் சம்மட்டிதான் இறங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் குணாளனின் மோட்டார் சைக்கிளை லோரி அடித்துத் தூக்கிவிட்டதாம். வயிரவன் தன் காரிலேயே அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் சிரித்தார். "தலைகுப்புற விழுந்திருக்காரு, ஆனா தலையில ஒரு கீறல்கூட இல்ல. நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம். உங்க சட்டையில இருக்கிற அதே பேக்டரி பேரு போட்ட ஹெல்மெட்தான் காப்பாத்துச்சு."

வயிரவன் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, எல்லாம் உங்க உழைப்பு!"

கையில் குணாளனின் பெல்ட் தழும்பு தெரியாதபடி சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள் தேன்மொழி.

"சார், நாளையிலேர்ந்து என்னைப் பேக்கிங்குக்கு மாத்திடுங்க."