கிருத்திகை தவறாமல்

“சாமி இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா நீங்க கோயிலுக்குப் போறத தடுக்க மாட்டேன்.”

“ஆங், சரிங்க.”

பெண் பார்க்கப் போன அன்று தேசப்பனும் தமயந்தியும் பேசியது இவ்வளவுதான். தன் சந்தேகத்தால் அவள் பக்திக்குக் குறை வந்துவிடக் கூடாதென்று, பத்து வருடமாகக் கிருத்திகை தோறும் லீவு போட்டு அவளைத் திருத்தணிக்கு அழைத்து வருகிறான். அவள் மலையேறுவாள், அவன் அடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவல் நிற்பான்.

இன்று அவள் செல்போனை அவனிடமே மறந்துவிட்டுப் போனாள். கொடுக்கலாமென்று அவனும் படியேறினான். பாதி வழியில், நிழலில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த விபூதிப் பாக்கெட்டைப் பிரித்து நெற்றியில் பூசிக்கொண்டிருந்தாள் தமயந்தி.

“இன்னாடி இது? மேல போகல?”

“என்னிக்குப் போனேன்? இருக்காரா இல்லியான்னு எனக்கும் தெரியாதுங்க. அன்னிக்கே சொல்லியிருப்பேன், உங்கம்மா கதவாண்ட நின்னுகினு இருந்தாங்க.”

“அப்ப மாசாமாசம் எதுக்கு வந்த?”

“நீங்கதான விடிகாலைல எழுப்பி, குளிச்சியா குளிச்சியான்னு கூட்டிகினு வரீங்க! அவ்ளோ ஆசையா கூப்புடற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?”

தேசப்பன் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தமயந்தி மெல்ல அவன் கையைப் பிடித்தாள்.

“ஏங்க, அடுத்த கிருத்திகைக்காவது வீட்லயே தூங்கலாமா?”