மைத்துனன் மாற்றச் சொன்ன குழல்

துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் முழுசாக மூடவில்லை. நகக்கண் அளவு இடைவெளி.

ஆர்வில் டாக்கெட் இதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டி மூடிவிட்டுச் சுட்டுவிடுவான். அதற்குத்தான் கையை ஓங்கினான்.

பிக்கப் வண்டிக்கு அந்தப்புறம் நின்று மைத்துனன் டெல்மர் போனில் குசுகுசுத்தான்.

"இல்லக்கா. இன்னும் சுடல."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

அக்கா என்றால் லொரெட்டா, ஆர்வில்லின் மனைவி. தோழியைப் பார்க்க வேக்கோவுக்குப் போய் மூன்று நாளாகிறது. புருஷன் சுட்டானா இல்லையா என்று காலை ஏழு மணிக்கு அவளுக்கு என்ன விசாரணை?

ஆர்வில் போல்ட்டைப் பின்னால் இழுத்தான். தோட்டா உள்ளங்கையில் விழுந்தது. கட்டைவிரலால் தடவினான். கூர் முனையைக் காணோம். மொழுக்கென்று தடியாக இருந்தது.

அவனுடையது இல்லை. அவன் சுடுவது 223, மெல்லிய ரகத் தோட்டா. இது 300. இந்தப் பண்ணையில் 300 வைத்துச் சுடுகிறவன் டெல்மர் ஒருவன்தான்.

இரண்டு பேருடைய துப்பாக்கியும் ஒரே மாடல். குழலை மட்டும் கழற்றி வேறு மாட்டினால் குண்டின் அளவே மாறிவிடும். தோட்டா அடுக்கும் மேகசின்கூட அதேதான். எமன் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். தடித் தோட்டா 223 மேகசினுக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும், குழலுக்குள்ளும் தட்டினால் நுழையும். சுட்டால் குண்டு வெளியே போக வழியிருக்காது. துப்பாக்கி, சுட்டவன் முகத்திலேயே வெடிக்கும். டெக்சாஸில் காட்டுப்பன்றி சுடப் போகிற எவனுக்கும் இது தெரியும்.

டெல்மருக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு வருஷமாக ஒரே நச்சரிப்பு. சர்ச் வாசல் என்றும் பார்ப்பதில்லை, சாப்பாட்டு மேஜை என்றும் பார்ப்பதில்லை. "உங்க 223 பன்னிக்குக் கொசு கடிச்ச மாதிரி மாமா. 300 குழல் மாத்துங்க, நானே வாங்கித் தரேன்."

"என் துப்பாக்கி, என் பன்னி. நீ உன் ஜோலியைப் பாரு மாப்ளே."

அப்புறம் லொரெட்டாவும் சேர்ந்துகொண்டாள். அவன் சொல்றதைத்தான் கேளேன் ஆர்வில் என்றாள். தம்பி கிழக்கு என்றால் மேற்கு என்கிறவள்! துப்பாக்கியைத் தொடவே கூசுகிறவள், போன மாதம் சமையலறையில் அவனுடைய மேகசினும் கையுமாக நின்றாள். கேட்டால், தூசி தட்டுகிறாளாம்.

மேய்ச்சல் நிலத்தை விற்க மாட்டேன் என்று கோடையில் இரண்டு பேரோடும் பெரிய சண்டை. நிலம் அவன் பேரில் இருக்கிறது. அவனுக்குப் பிறகு லொரெட்டாவுக்கு.

நாற்பத்தொரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள்.

"மாமா! சுடாதீங்க மாமா!"

டெல்மர் ஓடி வந்துகொண்டிருந்தான். காபி சட்டையெல்லாம் கொட்டியிருந்தது. ஆர்வில் துப்பாக்கியைக் கீழே வைக்காமல் மற்றக் கையை அவன் முகத்துக்கு நேராக விரித்தான்.

"இது எப்படிடா என் மேகசினுக்குள்ள வந்துச்சு?"

டெல்மர் தோட்டாவைப் பார்த்தான். அப்படியே வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தான்.

"நீங்கதான் போட்டீங்க."

"யாருகிட்டடா கதை விடுற? அக்காவும் தம்பியும் சேர்ந்து..."

"இது நாலாவது தடவை மாமா. கடையில பெட்டி மேல எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியாம ரெண்டையும் வாங்கிட்டு வந்து ஒரே டப்பால கொட்டறீங்க. நீங்க மேகசினை ரொப்பி வச்சிட்டுப் படுத்ததும் அக்கா எழுந்து வந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்துட்டு வைப்பா. இந்த வாரம் அவ ஊர்ல இல்லாததால என்னை எடுத்துப் பார்க்கச் சொன்னா. மறந்து தொலைச்சுட்டேன். இப்ப அவ கேட்டப்புறம்தான்..." ஆர்வில் கையிலிருந்த தோட்டாவைச் சுட்டிக் காட்டினான். "300 குழல்னா உங்க பழைய தோட்டா உள்ள நுழையவே நுழையாது. தப்பா போட்டாலும் வெடிக்காது. அதுக்குத்தானே தலையால அடிச்சுக்கிட்டோம்?"

"என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. இந்நேரம் குறி அட்டை நடுவுல ஓட்டை போட்டிருப்பேன்."

"எந்த அட்டை மாமா?"

"அதோ, அந்த மரத்துல நீ கட்டினியே, அந்த அட்டை."

டெல்மர் வண்டிக்குள் கைவிட்டு, சுருட்டி ரப்பர் போட்டிருந்த குறி அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தான். ரப்பரைக்கூட இன்னும் கழற்றவில்லை.

ஆர்வில் அதைத் தடவியபடி நின்றான். எதிரே பச்சையும் பழுப்புமாகக் கலங்கிக் கிடந்தது. இத்தனை நேரமும் அதற்கு நடுவில்தான் குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

டெல்மரின் போன் புல்லில் கிடந்தது. அதற்குள்ளிருந்து லொரெட்டா ஓயாமல் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்து, புல்லைத் துழாவி, அதை எடுத்தான்.

"ஒண்ணும் ஆகல லொரெட்டா. அழாத," என்றான். "போன வருஷம் நான் ஆஸ்டினுக்குப் போனது டிராக்டர் சாமான் வாங்க இல்ல. கண் டாக்டரைப் பார்க்க."