ஒரே சொட்டு இலைச்சாறு

"ஒரே சொட்டுங்க! சாறு பட்டதுதான் தாமதம், நாற்பது லட்சம் புற்றுநோய்ச் செல்லும் குப்புற விழுந்து செத்துப்போச்சு!"

பேராசிரியர் போட்ட சத்தத்தில் மேசை மேலிருந்த கண்ணாடிக் குழாய்கள் கிடுகிடுத்தன. எதிரே டானிக் கம்பெனி முதலாளி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

"வேலியோரம் ஆடுகூட மோந்து பார்த்துட்டு ஒதுங்கிப் போற இலைங்க அது! ஆன்டி-ஆக்சிடன்ட்டுன்னா அப்படியொரு ஆன்டி-ஆக்சிடன்ட். துருப்பிடிச்ச உடம்பைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிடும்!"

மூலையில் தட்டு கழுவிக்கொண்டிருந்த தட்டக்கா மட்டும் உதட்டைச் சுழித்தாள். செல் வளர்க்கும் தட்டுகளைக் கதகதப்பான சூட்டுப்பெட்டியில் வைப்பது, எடுப்பது, கழுவுவது எல்லாம் அவள் பொறுப்பு. பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் காகிதம் பேராசிரியர் மேசையில் ஒரு கையெழுத்துக்காகத் தவம் கிடந்தது.

"சாறு ஊத்தாத தட்டு ஒண்ணு வெச்சிருப்பீங்களே, அது என்னாச்சு?" என்றார் முதலாளி.

"அதுலயும் செத்துச்சு! பக்கத்துத் தட்டுலேர்ந்து வாசம் போயிருக்கு. அவ்வளவு வீரியம்!"

"ஐயா, அதைப் பத்தித்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன்..."

"நீ கழுவும்மா!"

முதலாளி விடவில்லை. "நோயாளிங்க மத்த மருந்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு இதைக் குடிக்கப் போறாங்க. அந்தம்மா மூஞ்சி சரியில்லையே. அவங்களும் ஆமான்னு சொன்னாத்தான் ஒப்பந்தம்."

பேராசிரியருக்குக் குப்பென்று வியர்த்தது. தட்டக்காவை ஓரங்கட்டினார்.

"எல்லாம் செத்துக் கிடந்ததை நீ பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அதைச் சொல்லு, போதும்."

"என் காகிதம்?"

"தாயே!"

பதினோரு வருஷமாக நகராத பேனா பத்தே நொடியில் ஓடி முடித்தது. முத்திரையும் விழுந்தது. தட்டக்கா காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, முதலாளி முன்னால் வந்து நின்றாள்.

"நடந்தது நிஜம்தாங்க. என் கண்ணால பார்த்தேன். ஒரு செல்லுகூட மிச்சமில்ல."

பேராசிரியர் முகம் ஆயிரம் வாட்ஸ் பல்பாக எரிந்தது.

"சூட்டுப்பெட்டி நின்னுபோய் வெள்ளிக்கிழமையே அத்தனையும் செத்துப்போச்சு. ஐயா சாறு ஊத்தினது திங்கட்கிழமை!"