ஒரு வளை துவரம்பருப்பு

"பருப்புக் கப்பல் வராமல் போகலாம்" என்று மளிகைக்கடை ரேடியோ சொன்னதுமே சுண்டெலிக்குக் கால் தரையில் பாவவில்லை. மூட்டைக்கும் வளைக்குமாக ஓடி ஓடித் துவரம்பருப்பை அள்ளி வந்து திணித்தது.

"ஏங்க, நாம எங்க படுக்கிறது?" என்று கேட்டது, வெளியே ஒண்டி நின்ற மனைவி எலி.

"படுக்கையா இப்ப முக்கியம்? ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்லடி!"

கடைசிப் பருப்பையும் வளைவாசலில் அடைத்து, பெருமையாகத் தட்டிப் பார்த்தது. ஒன்றுகூட அசையவில்லை. அப்பாடா!

பின்னால் பூனை கனைத்தது. இரண்டும் வளைக்குப் பாய்ந்தன. எவ்வளவு முட்டியும் மூக்குகூட நுழையவில்லை.

"கப்பல் வராதாமே?" என்றபடி பூனை சாவகாசமாகப் பக்கத்தில் உட்கார்ந்தது. "அதான் நானும் இன்னைலேர்ந்து சேர்த்து வைக்கிறேன்."