உளுத்த கிளையும் பாராட்டுப் படமும்

இலுப்பை மரத்தில் எந்தக் கிளை உளுத்துப்போயிருக்கிறது என்று மரங்கொத்தி தட்டித் தட்டிப் பார்த்துக் கட்டுரை எழுதியது. பேராசிரியர் ஆந்தை அதில் தன் பெயரை முதலில் போட்டு, "மகிழ்ச்சியுடன் பகிர்கிறேன்" என்று முகநூலில் ஏற்றினார்.

"அருமை ஐயா!", "மரத்துக்கே பெருமை!" என்று பாராட்டுகள் குவிந்தன.

அந்த மரத்தில் குட்டிகளோடு குடியிருந்த அணில் மட்டும், "எந்தக் கிளை ஐயா?" என்று கேட்டது.

"நல்ல கேள்வி அம்மா. அதெல்லாம் உள்ளே விரிவாக இருக்கிறது," என்றார் ஆந்தை.

அணில் கட்டுரையைத் திறந்து படித்தது. தெற்குக் கிளை! அதன் கூடு அங்கேதான் இருந்தது. பதறிப்போய்க் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப் பக்கத்து மரத்தில் சேர்த்தது.

கடைசிக் குட்டியை எடுக்க வந்தபோது, அதே கிளையில் ஆந்தையை நடுவில் நிறுத்திப் பறவைகள் பாராட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. மரங்கொத்தியை யாரும் அழைக்கவில்லை.

"காக்கா அக்கா, இறங்குங்க! கட்டுரையைப் படிக்கலையா?"

"என்னடி இப்படிக் கேட்டுட்ட? முதல்ல ஷேர் பண்ணினதே நான்தானே!"

அணில் குட்டியைக் கவ்விக்கொண்டு தாவியது. கிளை மடமடவென்று முறிந்தது.

கீழே புதருக்குள்ளிருந்து ஆந்தையின் குரல் கேட்டது:

"படத்தில் என் முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா?"