ஐஸ் மட்டும்
வாசற்படியில் மஹாலட்சுமி, எதிரே கூடையோடு மீன்காரி செல்வம்மாள், உள்ளே டி.வி. முன்னால் மஹாலட்சுமியின் கணவர்: ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கீழ்க்கட்டளை வீட்டில் இருப்பது இவ்வளவு பேர்தான். "மீன் வாணாம், ஐஸ் மட்டும் வோணுமா? இன்னாம்மா, சர்பத் கடை போடப் போறியா?" என்று சிரித்தபடி செல்வம்மாள் கூடைக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்துத் தருகிறாள். மஹாலட்சுமி அதை முந்தானையில் சுற்றிப் பின்கழுத்தில் வைத்து அழுத்துகிறாள். முகம் சிவந்து வியர்வை கொட்டுகிறது. கவிச்சித் தண்ணீர் ரவிக்கைக்குள் இறங்குவதை அவள் பொருட்படுத்தவில்லை. மாதவிலக்கு நின்றதிலிருந்து இந்தக் காந்தல்தான்.

"மாத்திரை போட்டுகினு நல்லாத்தானே இருந்தே?"

"ஹார்மோன் மாத்திரை, அக்கா. ஒரு வருஷம் நிம்மதியாத் தூங்கினேன். இப்போ மார்ல கட்டி. மாத்திரையை உடனே நிறுத்துன்னுட்டாங்க டாக்டர். புத்துநோயான்னு பார்க்க சதை எடுத்து அனுப்பியிருக்காங்க."

செல்வம்மாளின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"நான் இப்பதான் பழையபடி சிரிக்கிறேன்னு அவர் சந்தோஷப்படறார். எப்படிச் சொல்ல?"

விரலிடுக்கில் ஐஸ் கரைந்து தீர்கிறது. "யாரு வாசல்ல?" என்று உள்ளிருந்து அவர் கேட்கிறார். மஹாலட்சுமி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுகிறாள். "மீன்காரம்மாதான். இன்னைக்கு மீனே நல்லால்லீங்க" என்று கலகலவென்று சிரித்தபடி உள்ளே போகிறாள். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் செல்வம்மாள் தெருவையே கூட்டியிருப்பாள். இப்போது கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறாள். மஹாலட்சுமிக்குப் பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிறது.